தொண்ணூறுக்கு மேல்

கார் கராஜுக்குள் வந்த அன்றே யோகராசாவின் அடையாள அட்டை சதீசனின் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

“வேலை முடிய எடுத்துக்கலாம் அண்ணன்,” என்றான் சதீசன். “எங்கயும் போற யோசனை இல்லத்தானே?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். அவனுக்கு முப்பது வயது இருக்கும். யோகராசாவைவிடப் பதினைந்து வயது இளையவன். எப்போதும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவான், ஒருமையில் பேசமாட்டான். இயக்கத்தை விட்டுப் பிரிந்து வந்து இப்போது அரசாங்கத்தோடு நிற்கிற கூட்டத்தில் அவன் ஒரு பொறுப்பாளன். அவர்கள் இருக்கும் வீட்டை ஊரார் ஒப்பீஸ் என்பார்கள். வேறு பெயர் சொல்லமாட்டார்கள்.

கராஜ் மட்டக்களப்பு நகருக்குள் இருந்தது. யோகராசாவின் வீடு கல்லடியில். நடுவில் வாவி. வாவிக்கு மேல் பாலம். பாலத்தின் தலைப்பில் சோதனைச் சாவடி. அட்டை இல்லாதவன் பாலத்தில் கால் வைக்க முடியாது. ஆகவே அன்று மாலை யோகராசா வீட்டுக்குப் போகவில்லை. கழற்றிப் போட்டிருந்த பஸ் ஆசனம் ஒன்றைச் சுவரோரம் இழுத்து அதில் சாய்ந்துகொண்டான்.

கார் சிவப்பு நிறம். ஜப்பானில் செய்தது. இரண்டு பேர்தான் இருக்கலாம். கூரை ஆளின் இடுப்புக்கு மேல் வராது. ஓடுவதற்கென்றே செய்த வண்டி, வீட்டுக்குச் சாமான் ஏற்றி வருவதற்கு அல்ல. மாவட்டத்தில் அப்படி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சுனாமிக்கு முன் அது வெள்ளையாக இருந்தது.

அது எந்தக் கார் என்று யோகராசாவுக்குக் கண்டவுடன் தெரிந்தது. பெயின்ரை மாற்றலாம், பின்பக்க வளைவை மாற்ற முடியாது. 2005 தை மாதம் பதினான்கு நாள் அவன் அந்தக் காருக்குக் கீழே படுத்திருக்கிறான். அதைச் சொல்ல வாய் எடுத்தான். அதற்குள் சதீசன் பேசத் தொடங்கிவிட்டான்.

“தொண்ணூறுக்கு மேல போனா வால் ஆடுது அண்ணன். போன கிழமை காட்டு ரோட்டால வரக்குள்ள என்னை எறியப் பாத்திச்சு. ஆரோ உள்ளுக்க கைவேலை காட்டி ஒப்பேத்தி இருக்கான். கண்டுபிடியுங்க. அவன்ட பேரும் எனக்கு வேணும்.”

யோகராசா வாயை மூடிக்கொண்டான். அன்று மூடிய வாயை அடுத்த நாள் திறப்பது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

அந்த வருடங்களில் மட்டக்களப்பில் தொண்ணூறில் ஓடியவர் யாரும் இல்லை. இரண்டு மூன்று கிலோமீற்றருக்கு ஒரு சாவடி. சாவடிக்கு முன் மண் நிரப்பிய பீப்பாய்கள். வண்டி அவற்றுக்குள் பாம்புபோல் நெளிந்து நெளிந்து போகவேண்டும். வேகமாக வருகிற வண்டிக்குத் துவக்குத்தான் பதில் சொல்லும். நாற்பதில் ஓடுகிற வண்டிக்கு வரும் நோயெல்லாம் யோகராசாவுக்குத் தெரியும். தொண்ணூறில் வரும் நோயை அவன் கண்டதில்லை. வண்டி திருத்துகிற வேறு எந்தப் பாஸும் கண்டிருக்க வழி இல்லை.

தெரிந்த இடத்திலிருந்து தொடங்கினான்.

முதலில் ரயர். நான்கும் நல்லவை. காற்று சரி. சக்கரங்கள் பலன்ஸ் இல்லாவிட்டால் வேகத்தில் உதறும். பலன்ஸ் பார்க்கும் மெஷின் காத்தான்குடியில் நௌஷாட்டின் கடையில்தான் இருந்தது. காத்தான்குடிக்குப் பாலத்தைத் தாண்டிப் போகவேண்டும். ஒப்பீஸ் ஆள் ஒருவன் நான்கு சக்கரங்களையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனான். பின்னேரம் திரும்பி வந்தான். சக்கரங்கள் பாலத்தைத் தாண்டிப் போய் வந்தன. யோகராசா கராஜ் வாசலில் நின்று அவற்றை இறக்கி எடுத்தான்.

“நௌஷாட் என்ன சொன்னவன்?”

“ஒண்டும் இல்லையாம். எள்ளுப்போல ஈயம் வச்சவராம். இதுக்கு வால் ஆடாதாம்.”

அடுத்து ஸ்டியரிங். முனைகளைப் பிடித்து ஆட்டினான். தேய்மானம் இல்லை. சக்கர பெயாரிங்குகள் சத்தம் போடவில்லை. பின்பக்கத்து ரப்பர் புஷ் இரண்டு வெடித்திருந்தன. மாற்றினான். சொக் அப்சோபரில் எண்ணெய் கசிவு இல்லை. பிறகு காரின் இரண்டு பக்கமும் நூல் கட்டிச் சக்கரங்கள் நேராகப் பார்க்கின்றனவா என்று அளந்தான். முன்சக்கரம் சரி. பின்சக்கரமும் சரி. அரை மில்லிமீற்றர் கூடப் பிசகு இல்லை.

நிற்கிற கார் குற்றமில்லாமல் நின்றது.

வதனி மத்தியானச் சோற்றை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி வந்தாள். தினமும் வந்தாள். அவளிடம் அட்டை இருந்தது.

“பாலத்துச் சென்றியில நிக்கிற ஆமிக்காரன் கேக்கான், உன்ட மனிசன் எங்க, காணல்லயே எண்டு,” என்றாள். “வேலை கூட எண்டு சொன்னன். சிரிக்கான்.”

“சிரிக்கட்டும்.”

அவள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துவைத்துவிட்டுக் காரைச் சுற்றி வந்தாள். பின்பக்கத்தில் நின்றாள்.

“இஞ்சருங்க. இது கனகசிங்கத்தார்ர கார் இல்லையா? நீங்க கழுவிக்குடுத்த கார்?”

“மெல்லப் பேசு.”

“சிவப்படிச்சா எனக்குத் தெரியாதா? இதுக்குள்ள இருந்து மீன் எடுத்தீங்களே.”

“வதனி.”

அவள் குரலைத் தாழ்த்தினாள். “சொல்லிட்டு அட்டையை வாங்கிட்டு வாங்களன். என்ன களவா செஞ்சீங்க?”

“களவெண்டா மன்னிப்பான்,” என்றான் யோகராசா. “அவன்ட வண்டி அவனை எறியப் பாத்திருக்கு. அதுக்கொரு ஆளைத் தேடுறான்.”

அவன் சோற்றைப் பிசையத் தொடங்கினான். மூலையில் றேடியோ தானாகப் பேசிக்கொண்டிருந்தது. வன்னியில் இன்னும் சில சதுர கிலோமீற்றர்தான் மிச்சம் என்றது. நேற்றுச் சொன்னதைவிட ஒன்று குறைவு.

மூன்றாம் நாள் முத்தலிப்பைக் கொண்டுவந்து விட்டார்கள். முத்தலிப் காத்தான்குடி வியாபாரி, ஐம்பது தாண்டியவர், நீரிழிவுக்காரர். கனகசிங்கம் கனடாவுக்குப் போகும்போது அந்தக் காரை அவருக்கு விற்றுவிட்டுப் போனார். இரண்டு வருடம் அதைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார். பிறகு சதீசன் கேட்டான். கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும்.

ஒப்பீஸ் ஆட்கள் வாசலில் சிகரெட் பற்றவைத்தார்கள். முத்தலிப் காருக்குப் பக்கத்தில் குந்தினார். கீழே படுத்திருந்த யோகராசாவின் முகம் மட்டும் அவருக்குத் தெரிந்தது.

“என்ன பாஸ், புடிச்சிட்டீங்களா?”

“இன்னும் இல்ல நானா.”

“நான் தெரிஞ்சிதான் பழுதான சாமானைக் குடுத்தனாம். அந்தப் பொடியன் சொல்றான். நான் இதை முப்பதுக்கு மேல ஓட்டின ஆளா? கார்ல ஏறினா எனக்குத் தலை சுத்தும்.”

யோகராசாவுக்குச் சிரிப்பு வந்தது. முத்தலிப்புக்கும் வந்தது. இரண்டு பேரும் சத்தம் வராமல் சிரித்தார்கள்.

பிறகு முத்தலிப் தலையை இன்னும் தாழ்த்தினார். “கனகசிங்கம் விக்கக்குள்ள சொன்னவர், யோகன் பாஸ் வேலை செஞ்ச வண்டி, கண்ணை மூடிட்டு எடுங்க எண்டு. நான் அந்தப் பேரை இவங்களுக்கிட்டச் சொல்லல்ல. கேட்டாங்க. ரெண்டு தரம் கேட்டாங்க. மறதி எண்டுட்டன்.”

யோகராசா ஸ்பனரைக் கீழே வைத்தான்.

“ஒங்கட வேலையில குத்தம் இரிக்கா எண்டு எனக்குத் தெரியா,” என்றார் முத்தலிப். “என்ட தலையில போட்டுராதீங்க. அவ்வளவுதான்.”

அவரைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார்கள். வீட்டுக்கா ஒப்பீசுக்கா என்று யோகராசா கேட்கவில்லை.

நான்காம் நாள் காலையில் சதீசன் வந்தான். “வாங்க அண்ணன், ஓடிப் பாப்பம்,” என்றான். வாழைச்சேனை தாண்டி, புணானைப் பக்கம் காட்டுக்குள் நேராகப் போகிற ரோட்டுத்துண்டு ஒன்று இருந்தது. வழியில் இருந்த சாவடிகளுக்கெல்லாம் அவன் போன் எடுத்துச் சொல்லியிருந்தான். ஏறாவூர், சித்தாண்டி, வாழைச்சேனை. ஒவ்வொரு இடத்திலும் தடி உயர்ந்தது. யோகராசாவிடம் யாரும் அட்டை கேட்கவில்லை. சதீசனுக்குப் பக்கத்தில் இருக்கும்வரை அவனுக்கு அட்டை தேவையில்லை.

கார் அறுபதில் அமைதியாக இருந்தது. எண்பதில் இன்னும் அமைதியாக. எஞ்சின் இப்போதுதான் தூக்கம் கலைந்ததுபோல் பாடியது.

“காட்டில இருக்கக்குள்ள நடைதான் அண்ணன்,” என்றான் சதீசன். கண் ரோட்டில் இருந்தது. “ஒன்பது வருசம் நடை. ராவில நடை, மழையில நடை, காய்ச்சலோட நடை. ஒரு நாளைக்கு இப்பிடி ஒண்டை ஓட்டுவன் எண்டு அப்பவே நினைச்சன்.”

“என்னோட ஒரே குழிக்குள்ள கிடந்தவனுகள் ரெண்டு பேர் இப்ப அங்க நிக்கிறானுகள்,” என்றான் கொஞ்சம் கழித்து. எங்கே என்று சொல்லவில்லை. காலை அழுத்தினான்.

தொண்ணூற்றிரண்டு.

யோகராசா கண்ணை மூடி, இரண்டு உள்ளங்கைகளையும் ஆசனத்தின் இரண்டு பக்கமும் வைத்தான். ஸ்டியரிங் உதறவில்லை. முன்பக்கம் சொன்னபடி கேட்டது. ஆனால் பின்பக்கம் வேறு ஒரு ரோட்டில் போவதுபோல் இருந்தது. ரோட்டில் ஒரு சிறு மேடு. கார் அதில் ஏறி இறங்கியது. வால் இடப்பக்கம் நழுவியது, திரும்பி வந்தது, வந்த வேகத்தில் வலப்பக்கம் போனது.

“பாத்தீங்களா!”

“டக்கெண்டு காலை எடுக்காதீங்க தம்பி. பிரேக் அடிக்காதீங்க. மெல்ல, மெல்ல விடுங்க.”

சதீசன் சொன்னபடி செய்தான். மரங்கள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்து விலகின. எழுபதில் கார் மறுபடியும் நல்ல பிள்ளையாகிவிட்டது. சதீசனின் மேலுதட்டில் வியர்வை நின்றது.

இன்னும் இரண்டு தரம் ஓடினார்கள். இரண்டு தரமும் முதலில் இடப்பக்கம்தான் போனது. இரண்டு தரமும் மேட்டில் ஏறி இறங்கும்போதுதான் தொடங்கியது. யோகராசாவின் இடது உள்ளங்கைக்குக் கீழே, ஆசனத்துக்குப் பின்னால், ஏதோ ஒன்று ஒரு நொடி பிந்தி அசைந்தது. அசையக்கூடாத இடம் அது.

திரும்பி வரும்போது சதீசன் கேட்டான். “என்ன அண்ணன் சொல்றீங்க?”

“இடது பின்பக்கம். கழட்டிப் பாக்கோணும்.”

“ஆள் ஆரெண்டு தெரியுமா?”

“முதல்ல என்னெண்டு பாப்பம் தம்பி.”

ஐந்தாம் நாள் காரை உயர்த்திக் கட்டைகளில் நிறுத்தினான். மறுபடியும் நூல் பிடித்தான். சரியாக இருந்தது. பிறகு இடது பின்சக்கரத்தில் சங்கிலி போட்டு, சுவரிலிருந்த இரும்பு வளையத்தில் கொழுவி இழுத்தான். வேகத்தில் ரோடு கொடுக்கிற இழுவையை நிற்கிற காருக்குக் கொடுத்தான். நூலைப் பார்த்தான்.

சக்கரம் ஐந்து மில்லிமீற்றர் வெளியே பார்த்தது. சங்கிலியை விட்டதும் திரும்பிச் சரியாகிவிட்டது.

ஐந்து மில்லிமீற்றர் நாற்பதில் ஒன்றுமே இல்லை. தொண்ணூறில் அது யாரோ பின்னால் நின்று ஸ்டியரிங் பிடிப்பது போன்றது. போல்ற்றுகள் இறுக்கமாகத்தான் இருந்தன. போல்ற் பிடித்திருந்த செசி, காரின் அடிச்சட்டம், அதோடு சேர்ந்து அசைந்தது.

கீழே போய்ப் படுத்தான். செசி கறுப்பாக, பளபளப்பாக, தோணியின் அடிவயிறுபோல் இருந்தது. அந்தக் கறுப்பை அவனுக்குத் தெரியும். சின்னச் சுத்தியலால் வலப்பக்கம் தட்டினான். இரும்புச் சத்தம் வந்தது. இடப்பக்கம் தட்டினான். நெல் மூட்டையில் தட்டியது போன்ற சத்தம் வந்தது.

கத்தி அலகால் சுரண்டினான். தார் தோல்போல் உரிந்தது. அதற்குக் கீழே சாக்குத் துண்டு. நிவாரண அரிசி வந்த சாக்கு. தாரில் தோய்த்து, செசியின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்று விட்டிருந்த ஓட்டைக்குள் திணித்திருந்தது. பெருவிரலால் அழுத்தித் திணித்த குழி அப்படியே இருந்தது. யோகராசா தன் பெருவிரலை அதில் வைக்கவில்லை. வைக்கத் தேவையில்லை.

சாக்கை இழுத்தான். மண் கொட்டியது.

மண்ணிறமாக, ஈரமாக, நாலு வருடம் தாண்டியும் ஈரமாக. துருவோடு கலந்து கொட்டியது. அதற்குள் உடைந்த சிப்பி. கழுத்திலும் காதிலும் விழுந்தது. அவன் நகராமல் படுத்திருந்தான். மண் நின்றதும் அலகை உள்ளே விட்டான். அலகு தடை இல்லாமல் மறுபக்கம் வந்தது. போல்ற் பிடித்திருந்த இரும்பு பிஸ்கற்போல் இருந்தது.

2005 தை மாதம் அந்தக் காரை நாவலடியில் தென்னைகளுக்கு நடுவிலிருந்து இழுத்து வந்தார்கள். மாட்டு வண்டி, லொறி, மோட்டார் சைக்கிள் என்று கராஜ் வாசலில் வரிசை நின்றது. உப்பைக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். கிணறுகளெல்லாம் கடலாகியிருந்தன. யோகராசா காரை வாவிக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போனான். மழைக்காலத்தில் வாவியின் உப்பு குறைந்து, தை மாதத்தில் நல்ல தண்ணீருக்குக் கிட்ட வந்துவிடும். அந்த மாதங்களில் ஊரார் மாடு குளிப்பாட்டுவதும் லொறி கழுவுவதும் வாவியில்தான். அவன் அப்பா காலத்திலும் அப்படித்தான். வாளி வாளியாக அள்ளி ஊற்றினான். செசிக்குள் குழாய் வைத்து ஊற்றினான்.

அந்த வருடம் முகத்துவாரத்தால் கடல் முழுதும் உள்ளே வந்திருந்தது. அது அவனுக்குத் தெரியாதா என்ன. ஆனாலும் கை பழகிய மாதத்தைத்தான் நம்பியது. நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்திருந்தால் போதும். வழக்கமாக வைத்துப் பார்ப்பார்கள். அந்தத் தையில் யாரும் வைக்கவில்லை. வாவியிலிருந்து இன்னும் செத்த ஆட்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கழுவி முடித்ததும், இனி ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகக்கூடாது என்று எல்லா ஓட்டைகளையும் சாக்கு வைத்து அடைத்தான். தோணிக்குப் பூசுவதுபோல் மூன்று தரம் தார் பூசினான். தோணிக்குத் தண்ணீர் வெளியே. காருக்கு அது உள்ளே இருந்தது. உப்பை உள்ளே வைத்து அவனே மூடினான். அந்த வருடம் அவன் செய்த வேலைகளில் இதைத்தான் நல்ல வேலை என்று நினைத்திருந்தான்.

கழுத்திலிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

மூன்று வழிகள் தெரிந்தன. மறுபடி சாக்கும் தாரும் வைத்து மூடிவிட்டு, புஷ் மாற்றினேன், சரி என்று சொல்லலாம். அட்டை கைக்கு வரும். சதீசன் அடுத்த நாளே நூறில் ஓடுவான். பழைய உப்பு, வாங்கும்போதே இருந்திருக்கிறது என்று சொல்லலாம். அட்டை வரும். முத்தலிப் வரமாட்டார். மூன்றாவது வழியில் அட்டை வருமா என்று தெரியவில்லை.

அன்று பின்னேரம் அவன் ஒன்றும் செய்யவில்லை. குவிந்து கிடந்த மண்ணைக் கூட்டவும் இல்லை. வாவிக்கரைவரை நடந்தான். பாலம் தெரிந்தது. பாலத்தில் ஆட்கள் வரிசையில் நின்று ஒவ்வொருவராகக் கடந்தார்கள். அக்கரையில் அவன் வீட்டுக் கூரை தெரியாது, அதற்குப் பக்கத்திலிருந்த தண்ணீர்த் தாங்கி தெரியும். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினான்.

ஆறாம் நாள் காலையிலேயே வெடிச் சத்தம் கேட்டது. யோகராசா பாய்ந்து சுவரோரம் போனான். பிறகு அது சீனவெடி என்று விளங்கியது. றேடியோவில் கீதம் போட்டார்கள். யுத்தம் முடிந்தது என்றார்கள். எதிர்க்கடைக்காரர் பாதி திறந்த கதவை மறுபடி மூடினார். தெருவில் யாரும் பேசவில்லை. சாவடிப் பக்கம் மட்டும் சத்தம்.

பத்து மணிக்குச் சதீசன் தனியாக வந்தான். சவரம் செய்திருந்தான். கண் சிவந்திருந்தது. கொட்டிக் கிடந்த மண்ணைப் பார்த்தான்.

“இது என்ன அண்ணன்?”

“கடல் மண்.”

யோகராசா அவனைக் குனியச் சொல்லி, ரோர்ச் அடித்து, அலகு போகிற இடத்தைக் காட்டினான். சக்கரத்தில் சங்கிலி போட்டு இழுத்து, நூலைக் காட்டினான். சதீசன் அவனே ஒரு தரம் இழுத்துப் பார்த்தான். வேலை விளங்கக்கூடிய ஆள்தான்.

“முத்தலிப் உப்புத் திண்ட காரை எனக்குத் தந்திருக்கான்.”

“இல்ல தம்பி. அவருக்கு இது தெரியா. சுனாமிக்குப் பிறகு இதைக் கழுவித் தார் பூசினது நான்.”

சதீசன் நிமிர்ந்தான்.

“அவரைக் காப்பாத்தப் பாக்குறீங்க.”

“இல்ல.” யோகராசா மண் குவியலிலிருந்து சாக்குத் துண்டை எடுத்து நீட்டினான். பெருவிரல் குழி இருந்த துண்டு. பிறகு தன் வலக்கைப் பெருவிரலை அதில் வைத்தான். அந்த விரலின் நுனி பதினெட்டு வயதில் மின்விசிறியில் போனது. குழியும் அப்படியே சப்பையாக இருந்தது.

சதீசன் நீண்டநேரம் அந்த விரலைப் பார்த்தான்.

“முதல் நாளே ஏன் சொல்லல்ல?”

“பழுது என்னெண்டு கேக்க முதல் நீங்க பேரைக் கேட்டீங்க தம்பி.”

வெளியே மறுபடி வெடி கொளுத்தினார்கள். சதீசனின் தோள் துள்ளியது. அவன் அதை மறைக்கவில்லை.

“சரி,” என்றான். “முத்தலிப் வீட்டதான் இருக்கார். அவர்ட கதை முடிஞ்சிது. இதைத் திருத்தேலுமா?”

“ஏலா. செசியை வெட்டி எறியோணும். தகட்டுப் பத்தை போட்டா அறுபது வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல விடக்கூடா. தொண்ணூறில கழண்டா மறுகா ஒண்டும் மிஞ்சாது.”

“அறுபது.” சதீசன் சிரித்தான். “அதுக்கு நான் சைக்கிள் எடுத்திருக்கலாம்.” காரின் கூரையில் கையை வைத்தான். “எனக்கு இதில ஏறினா கால் சொன்னபடி கேக்காது அண்ணன். எனக்கே தெரியும். உங்கட கால் கேக்கும்.”

யோகராசாவுக்கு உடனே விளங்கவில்லை.

“இதுக்குள்ள என்ன கிடக்கு, எங்க விடும், எப்ப விடும் எண்டு தெரிஞ்ச ஆள் நீங்க ஒருவர்தான். நீங்களே ஓட்டுங்க. பத்தையைப் போடுங்க, பின்னேரம் பெரியகல்லாறு போவம். அம்மாவைப் பாத்து மூண்டு வருசம்.”

“தம்பி, நான் கராஜ்—”

“கராஜைப் பூட்டுங்க.”

சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தான். யோகராசா கையை நீட்டினான். கை தானாக நீண்டது. சதீசன் காரின் கதவைத் திறந்து, முன் லாச்சிக்குள் அட்டையைப் போட்டு, பூட்டி, லாச்சியின் திறப்பைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டான்.

“இவடத்தயே கிடக்கட்டும். துலையாது. கார் போற இடமெல்லாம் அட்டை வரும். நீங்களும் வருவீங்க.”

கோபம் இல்லாமல்தான் சொன்னான். ஒரு நல்ல ஏற்பாட்டைச் செய்து முடித்தவன்போல் கையைத் தட்டிக்கொண்டான்.

யோகராசா நான்கு மணிவரை பத்தை போட்டான். துருவுக்கு மேல் தகடு வைத்துப் பற்றவைக்க முடியாது. நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி, அங்கே தகட்டை வைத்து ஒட்டினான். தண்ணீர் வடிவதற்கு இரண்டு ஓட்டைகள் போட்டான். தார் பூசவில்லை.

பாலத்தடிச் சாவடியில் கொடி கட்டியிருந்தார்கள். தடி உயர்ந்தபடியே நின்றது. வரிசை இல்லை. ஆட்கள் வந்தபடி போனார்கள். ஒரு சிப்பாய் வாழையிலையில் பால்சோற்றை வைத்து ஒவ்வொருவருக்கும் நீட்டிக்கொண்டிருந்தான். ஒரு கிழவர் பழக்கத்தில் அட்டையை எடுத்துக் காட்டினார்.

“வேணாம், வேணாம். இண்டைக்கு ஐ.சி. வேணாம்,” என்றான் சிப்பாய். “போங்க.”

யோகராசா பிரேக்கில் கால் வைத்திருந்தான். காலையிலிருந்து அப்படித்தானா என்று நினைத்தான். அப்படியானால் காலையில் எழுந்து நடந்திருக்கலாம். கையை வீசிக்கொண்டு நடந்திருக்கலாம்.

சிப்பாய் ஜன்னலால் பால்சோற்றை நீட்டினான். சதீசன் வாங்கினான். சாப்பிடவில்லை. மடியில் வைத்துக்கொண்டான்.

பாலம் கடந்தது. கல்லடி வந்தது. ஒழுங்கை முனையில் வதனி நின்றிருந்தாள். கையில் சாப்பாட்டுப் பெட்டி. அன்று பஸ் இல்லை, ஆகவே பிந்திவிட்டாள். கார் மெதுவானது.

“ஆரது?”

“மனிசி.”

“ஹோர்ன் அடியுங்க,” என்றான் சதீசன்.

யோகராசா அடித்தான். வதனி நிமிர்ந்தாள். சிவப்புக் காரைக் கண்டதும் பெட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓர் அடி வைத்தாள். கண்ணாடி கறுப்பு. உள்ளே இருப்பது யார் என்று அவளுக்குத் தெரிய வழி இல்லை. சதீசன் நிற்கச் சொல்லவில்லை. யோகராசா நிற்கவில்லை. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அவள் பாலத்தின் பக்கம் நடக்கத் தொடங்குவது தெரிந்தது, பூட்டிய கராஜுக்கு.

காத்தான்குடி கடந்து, ஆரையம்பதி கடந்து, ரோடு நேரானது. சாவடிகளில் தடிகள் எல்லாம் உயர்ந்து நின்றன. யாரும் மறிக்கவில்லை. முள் ஐம்பத்தைந்தில் நின்றது.

“எள்ளுப்போல கூட்டுங்க அண்ணன்,” என்றான் சதீசன். “ரோடு இப்பிடித் திறந்து கிடந்து நான் கண்டதில்ல.”

அறுபது. அறுபத்தைந்து.

“இன்னும்.”

எழுபத்தைந்து. எண்பது. யோகராசாவின் இடது தோளுக்குப் பின்னால், கீழே, புதுத் தகடு ஒரு தரம் டிக் என்றது. இன்னும் பத்து அழுத்தினால் போதும். பக்கத்தில் இருப்பவனுக்கும் போதும், தனக்கும் போதும். லாச்சி பூட்டியபடி இருக்கும்.

“இன்னும் கொஞ்சம்.”

யோகராசா காலை அப்படியே வைத்திருந்தான். ஏற்றவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

“இதுதான் தம்பி,” என்றான். “இதுக்கு மேல இல்ல.”

சதீசன் ஆசனத்தில் சாய்ந்து, மடியில் ஆறிக்கொண்டிருந்த சோற்றைப் பார்த்தான். பெரியகல்லாறுக்கு இன்னும் இருபது கிலோமீற்றர் இருந்தது. பிறகு திரும்பி வரவேண்டும். பிறகு, அவன் எங்கே போகச் சொல்கிறானோ அங்கே.